பங்குனி உத்திரத்துக்கு மலையடி சாஸ்தா கோயில்களுக்கு வரும் சொந்தங்களுக்கு

அண்ணாச்சிமாரே, மதினிமாரே,

சென்னைக்கும் கோவைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போன நீங்கள், பங்குனி உத்திரத்தன்று குலதெய்வத்தைத் தேடி வருகிறீர்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளில் அன்று விளக்கு எரிகிறது. எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் வண்டியேறிய பிறகு இங்கே நடப்பதை நீங்கள் பார்த்ததில்லை.

மார்கழியோடு மழை நின்றுவிட்டால், பங்குனிக்குள் சரிவில் புல் காய்ந்து சருகாகிவிடும். பொங்கல் வைத்த அடுப்பில் மிஞ்சிய தணல் போதும், பாதையோரம் எறிந்த பீடித் துண்டு போதும். உச்சி வெயிலில் காற்று கிளம்பினால் தீ மலைமேல் ஏறும் வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் 23 பேரைக் கொண்டுபோனதும் காய்ந்த புல்லில் பரவிய தீதான்.

தீயணைப்பு வண்டி தார்ச்சாலை முடிகிற இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வனத்துறை வாட்சர்களும் ஊர்ப் பையன்களும் மலையில் வாழும் காணிப் பழங்குடி ஆட்களும்தான். பச்சைக் குழையை ஒடித்து அடிப்பார்கள், சருகைக் கூட்டித் தடம் போடுவார்கள், அடங்காவிட்டால் வருகிற தீக்குத் தின்னச் சருகு மிஞ்சாதபடி முன்னாலேயே கொளுத்தி எதிர்த்தீ வைப்பார்கள். என் தம்பி வாட்சர். அவன் மேலே இருக்கும் ராத்திரியில் அம்மா படுக்கமாட்டாள். சுளகை மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்து, மலையைப் பார்த்தபடியே பீடி சுற்றுவாள். அவன் போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. புருவம் கருகி, இருமிக்கொண்டே அவன் இறங்கி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் உலை வைப்போம்.

பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரே பையில் கதவுக்குப் பின்னால் தொங்கும். புகை இறங்கினால் இளைப்பு உள்ளவர்களை டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறோம், மாட்டை அவிழ்த்துவிடுகிறோம். அணைந்தாலும் முடிவதில்லை. கருகிய சரிவிலிருந்து அடுத்த மழைக்கு மண் கரைந்து அணைக்கு வரும். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது அந்தத் தாமிரபரணித் தண்ணீரைத்தான்.

எல்லாத் தீயும் உங்களால் என்று சொல்லமாட்டேன். புதுப்புல் வரட்டும் என்று கொளுத்துகிறவர்கள் எங்களிலும் உண்டு. அவர்களோடு ஊர்க்கூட்டத்தில் சண்டை போடுகிறோம். விருந்துக்கு வருகிற உங்களோடு சண்டை போட எனக்கு மனசில்லை. அதனால் கேட்கிறேன்.

சருகு கிடக்கும் மரத்தடியில் அடுப்புக் கூட்டாதீர்கள், கோயில் முற்றத்தில் வெறும் மண் தரையில் வையுங்கள். சூடத்தைத் தட்டில் ஏற்றுங்கள். வேட்டு வேண்டவே வேண்டாம். கிளம்பும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். அப்புறம் கையை மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு குடம். மலையில் புகை கண்டால் போட்டோ எடுக்கும் முன் செக்போஸ்ட்டில் சொல்லிவிடுங்கள். குடும்பத்துக்கு ஒரு பெரியவர் இதற்கென்று பொறுப்பெடுத்து, கடைசி ஆளாக வண்டியேறட்டும்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடி ஊர்க்காரி