பரணை ஒழித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வேலூர் ஸ்டீல் பீரோ, ராக் பட்டறையில் போன் ஓயாது. "போகிக்குள்ள வீட்டை ஒழிக்கணும், ஒரு ராக் வேணும், நாளைக்கே வந்து அளவெடுங்க" என்பார்கள். இந்த ஆண்டு முதல் அப்படி உடனே வந்து அளவெடுப்பதில்லை. பரணையும் கட்டிலடியையும் ஒரு முறை ஒழித்து முடித்த வீட்டுக்குத்தான் வருவோம். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்கு ஆறடி உயரத்தில் இரண்டு ராக் செய்து கொடுத்தோம். எட்டு மாதத்தில் மூன்றாவது கேட்டார்கள். போய்ப் பார்த்தால் இரண்டும் நிரம்பி வழிகின்றன, தரையில் மறுபடியும் குவியல். கீழ்த்தட்டு இரண்டிலும் பிளாஸ்டிக் குடங்கள். எண்ணினோம், பத்தொன்பது. அந்த அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு, குழாயில் தண்ணீர் வந்த அன்று இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைத்தவர்கள்தானே நாம். குடத்தை வெளியே போட அந்தக் கைக்கு எப்படி மனசு வரும்? ஆனால் பாதிக் குடம் வெயிலில் கிடந்து விளிம்பு வெடித்திருந்தது. தூக்கினால் விளிம்பு மட்டும் கையோடு வந்தது. நல்லதாக ஆறு குடத்தை வைத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டார்கள். மூன்றாவது ராக் தேவைப்படவில்லை. முதலில் விற்ற இரண்டில் ஒன்றே போதுமாக இருந்திருக்கும் என்று அன்றுதான் உறைத்தது. முன்பே பார்த்துச் சொல்லாதது எங்கள் தவறு.

சரி, எங்கே தொடங்குவது? பரணில். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற பரண் நம் ஊர்க் கத்திரி வெயிலில் அடுப்பாகக் காயும். அதனால்தான் மார்கழியிலேயே ஏறுங்கள் என்கிறோம். மாத்திரை, போட்டோ ஆல்பம், ரப்பர் சாமான் எதற்கும் அது இடமில்லை. பட்டுக்கு இல்லவே இல்லை. என் அம்மாவின் ஆரணிப் பட்டு, அரக்கு நிறம், டிரங்குப் பெட்டியோடு பரணில் பல ஆண்டுகள் இருந்தது. தங்கை கல்யாணத்துக்காக இறக்கிப் பிரித்தோம். மடித்த இடமெல்லாம் கோடு கோடாக இற்றுப்போய், சரிகை கறுத்திருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்துவிட்டார். பருத்தித் துணியில் சுற்றி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றியிருந்தால் அந்தப் புடவை பிழைத்திருக்கும். அந்துருண்டை சரிகையில் படவே கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணச் சீர்ப் பாத்திரங்களைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதில்லை. பேர் வெட்டிய அண்டாவை வைத்திருப்பதா கொடுப்பதா என்பது அந்த வீட்டுப் பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியது.

பழைய பேப்பர் கட்டுகளில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். வேலப்பாடியில் ஒரு வீட்டில் எடைக்குப் போட வாசலில் கட்டி வைத்திருந்த கட்டைத் தூக்கும்போது கயிறு அறுந்தது. செய்தித்தாள்களுக்கு நடுவே, ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்த ஒரு பழைய கிரயப் பத்திரம். அதில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருந்தது. அந்த மாவட்டம் 1989-லேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பத்திரம் பழசானாலும் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் முதலில் கேட்பது அந்தத் தாய்ப்பத்திரத்தைத்தான். ஆகவே கட்டை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். ஒரு நாள் போனாலும் பரவாயில்லை.

அப்புறம் போகி. பாய், கிழிந்த துணி என்று கொளுத்துவது நம் வழக்கம். பிளாஸ்டிக், டயர், பழைய ஒயர் மட்டும் தீயில் போட வேண்டாம். சுற்றிலும் மலை இருக்கிற ஊர் இது, பனிக்காலத்துப் புகை சீக்கிரம் கலையாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும், மூச்சிரைப்புக்காரர் இருப்பார். ஒயரையும் டப்பாவையும் பழைய இரும்புக்கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ராக் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருகிறோம். ஆழம் பன்னிரண்டு அங்குலம் போதும் என்றுதான் சொல்வோம். பதினெட்டு அங்குலம் வைத்தால் பின்வரிசையில் போன சாமான் மறந்தே போகும், அதே சாமானை மறுபடியும் வாங்குவீர்கள். அடித்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருந்தால் துடைப்பம் உள்ளே போகும். கிரைண்டர், குக்கர் மாதிரிக் கனமானவை இடுப்பு உயரத்தில். சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுவோம், மழைக்காலத்தில் ஓதம் ஏறித் துரு பிடிக்காது.

முன்பணம் கொடுத்துவிட்டு, வீட்டை ஒழித்த பின் தேவையில்லை என்று தோன்றினால், தகடு வெட்டுவதற்கு முன் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம். பரணிலிருந்து சாமான் இறக்க ஆள் இல்லாத வயதானவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைப் பையன்கள் இருவர் ஏணியோடு வருவார்கள், அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டீல் பீரோ, ராக் பட்டறையினர்,
வேலூர்