கிளிப்போர்டு பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுங்கள், செலவில்லை, வைரஸ் தொல்லை குறைவு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். மாறியவர்கள் முதல் வாரத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். பழைய லேப்டாப்பில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். ஒருநாள் நீளமான பத்தி ஒன்றைக் கட் செய்துவிட்டு, அந்தக் கோப்பைச் சேமித்து, நிரலையும் மூடிவிட்டு, இன்னொரு கோப்பில் ஒட்டப் போனால் ஒன்றுமே வரவில்லை. அரை நாள் உழைப்பு போயே போய்விட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்ட நெடுங்காலமாக இருக்கும் எக்ஸ்11 முறையில், நாம் காப்பி செய்தது கிளிப்போர்டு என்று தனி இடத்தில் போய் உட்காருவதில்லை, காப்பி செய்த நிரலிடமேதான் இருக்கும், ஒட்டும்போதுதான் கேட்டு வாங்கப்படும். அந்த நிரலை மூடினால் அதுவும் போச்சு. மவுஸால் தேர்ந்தெடுத்தாலே நடுப் பொத்தானில் ஒட்டலாமே, அது வேறு கணக்கு, கன்ட்ரோல் சி வேறு கணக்கு. விண்டோஸில் 2018 முதல் விண்டோஸ் பொத்தானோடு வி-யை அழுத்தினால் பழைய காப்பிகள் வரிசையாக வரும். அந்தப் பழக்கத்தில் வருபவர்கள் இங்கே திணறத்தான் செய்வார்கள்.

வழி இல்லாமல் இல்லை. காப்பி செய்தவற்றைச் சேர்த்து வைக்கும் நிரல்கள் உண்டு. லினக்ஸின் திரைத் தோற்றத்தைத் தரும் மேசைத்தளங்கள் பல. அவற்றில் கேடிஇ பிளாஸ்மாவில் கிளிப்பர் என்ற நிரல் கூடவே வருகிறது, தனியாகத் தேட வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ-யில் கிளிப்மேன். எனக்குப் பிடித்தது காப்பிகியூ. பழைய வரிகளைத் தேடலாம், படங்களும் நிற்கும், அடிக்கடி தேவைப்படும் கலைச்சொற்களைத் தனித் தாவலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் க்னோம் மேசைத்தளம், எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட் என்ற புது முறையில் ஓடும்போது காப்பிகியூ தடுமாறுகிறது, ஏனென்றால் பின்னணியில் இருக்கும் நிரல் கிளிப்போர்டை எட்டிப் பார்ப்பதை வேலண்ட் பாதுகாப்புக்காகவே கட்டுப்படுத்துகிறது. அங்கே க்னோமுக்குள்ளேயே ஓடும் கிளிப்போர்டு இண்டிகேட்டர் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்வதுதான் நல்லது. உங்கள் மேசைத்தளம் எது என்று முதலில் பாருங்கள், அப்புறம் நிரலைத் தேடுங்கள்.

இன்னொன்று. வரலாறு சேமிக்கும் நிரலில் வங்கிக் கடவுச்சொல்லை காப்பி செய்தால் அதுவும் பட்டியலில் போய் நின்றுவிடும். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி நிரலில் இருந்து எடுத்தால் ‘இது ரகசியம்’ என்ற குறிப்பும் சேர்ந்து போகும், கிளிப்பர் அதை மதித்துப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடும். வேறெங்கிருந்தாவது எடுத்தால் நாமேதான் அழிக்க வேண்டும்.

உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் புதுப் போன்களுக்கே இடம் போய்விடுகிறது. மாதம் ஒருமுறையாவது இப்படிச் சின்னச் சின்ன லினக்ஸ் விஷயங்களுக்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மதுரை