சிங்கப்பூர்த் தமிழ்க் கதாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதைகளை விடாமல் படிக்கிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கெட்டவர்களை என்னால் நம்ப முடியவில்லை. வாசற்படி ஏறும்போதே பல்லைக் கடிக்கிறார்கள். நல்லவர்களோ வாய் திறந்தால் சொற்பொழிவுதான்.

2016இல் பீஷானில் ஒரு வீட்டில் மியன்மார் பணிப்பெண் ஒருவர் வதைபட்டு இறந்தார். அப்போது அவர் எடை 24 கிலோ. 2021இல் அவருடைய முதலாளியம்மாவுக்கு 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் நம்மவர். பணிப்பெண்ணிடம் சுத்தம் இல்லை, வேலை மெதுவாக நடக்கிறது என்பவைதான் அவருடைய குறைகள். எத்தனை வீடுகளில் கேட்கும் பேச்சு இது! அங்கிருந்து அந்தக் கொடுமைவரை ஒருவர் எப்படிப் போனார், தடுத்திருக்க வேண்டிய தாயும் கணவரும் எப்படி உடந்தையானார்கள் என்று எழுதுங்கள். எனக்குத் தூக்கம் போய்விடும்.

நல்லவர் வேண்டுமா? 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கி, ஒரு கார் குழிக்குள் விழுந்தது. பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஓடிவந்தார்கள். முன்னின்றவர் தமிழரான மேற்பார்வையாளர். யாரும் குழிக்குள் குதிக்கவில்லை. நைலான் கயிற்றை வீசி, காரை ஓட்டிவந்த பெண்ணை மேலே இழுத்தார்கள். உங்கள் நாயகன் குதித்திருப்பான். இவர்களுக்குக் குழியைப் பற்றித் தெரியும். அந்தத் தொழிலறிவும் பதற்றத்திலும் கலையாத நிதானமும்தான் எனக்குப் பெரிய வீரமாகப் படுகின்றன.

இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதுமுண்டு. தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக்காரர், வாடிக்கையாக வரும் பாட்டிக்குக் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலை போட்டு, "மெதுவாப் போங்கம்மா" என்று பையையும் தூக்கிக் கொடுத்தார். பாட்டிக்கு முன்பே காசை நீட்டியபடி ஒரு கட்டுமான ஊழியர் நின்றிருந்தார். அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடுத்து வந்த இருவருக்கும் எடை போட்ட பிறகுதான் அவர் முறை வந்தது. இந்த மனிதரை நீங்கள் எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?

நீதிமன்ற விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்கள் போய் உட்காரக்கூடியவை. ஒருநாள் போய்ப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தமக்குத்தாமே என்ன நியாயம் சொல்லிக்கொண்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர், முகம், முகவரி எதையும் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நியாயம் மட்டும் போதும். அதை உங்கள் கதாபாத்திரத்தின் வாயில் வையுங்கள், அவன் அதை மனதார நம்பட்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகி