மஞ்சள் கிளையும் எள்ளளவு பூச்சியும்

பிடோக், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள முருகையா,

உன் கடிதம் கிடைத்தது. புளியங்குடியில் மழை பிந்தியது, பேத்திக்குப் பல் முளைத்தது, அண்ணிக்கு முட்டுவலி குறைந்தது எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே நாங்களும் சுகம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, வடக்கு வரப்பை ஒட்டிய எலுமிச்சை மரங்களில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகிறது, உரம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன் என்று, அதற்காகத்தான் இன்றே பதில் எழுதுகிறேன்.

உரத்தைக் கொஞ்சம் நிறுத்து. முதலில் அந்த இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். சத்துக் குறைவு என்றால் நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்திருக்கும். ஒரு பக்கம் மஞ்சள் திட்டாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தாறுமாறாக இருந்தால், அது கிரீனிங் நோயாக இருக்கலாம். காயையும் வெட்டிப் பார். ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறதா, விதை கருகிச் சூம்பியிருக்கிறதா என்று கவனி.

நான் செய்த தவற்றை நீயும் செய்துவிடக் கூடாது. எங்கள் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஆறு வருடமாக லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சைச் செடி ஒன்றை வளர்த்தேன். நோன்பு மாதத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் காய் போகும். இரண்டு வருடத்துக்கு முன் அதில் ஒரு கிளை மஞ்சளானது. பசி என்று நினைத்து நான்கு மாதம் உரமாகப் போட்டேன். தோட்டத்துக்கு வரும் தியோச்சியூ சீனத் தாத்தா ஒருவர்தான் பார்த்த உடனே ‘ஹுவாங்லோங்’ என்றார். கிரீனிங் நோய்க்குச் சீனப் பெயர் அது. அவர் அப்பா தென்சீனாவின் சுவாத்தோ பக்கத்துக்காரர். சீனப் புத்தாண்டுக்கு நாங்கள் சோடி சோடியாகக் கொடுத்து வாங்கும் ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர் அது. எழுத்தில் ‘மஞ்சள் டிராகன்’ என்று வந்தாலும், அந்த ஊர்ப் பேச்சில் ‘லோங்’ என்றால் துளிராம். மரம் முழுக்கப் பச்சையாக இருக்க, ஒரு துளிர் மட்டும் மஞ்சளாக நிற்பதால் வந்த பெயர். நீ எழுதியதும் அதையேதான்!

இந்த நோயைக் கொண்டுவருவது சைலிட் என்ற பூச்சி. எள்ளளவுதான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு உட்காரும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. இன்னும் விரியாத இளந்துளிரில்தான் முட்டையிடும். குஞ்சுகள் மஞ்சளாகத் தட்டையாக இருக்கும், அவற்றின் பின்னால் வெள்ளை மெழுகு நூல் சுருண்டு தொங்கும். சைலிட் சாறு உறிஞ்சும்போது கிருமி மரத்தின் உணவுக்குழாய்க்குள் போய்விடுகிறது. அதன்பின் எந்த மருந்தாலும் மரத்தைக் குணமாக்க முடியாது. இலை செய்த உணவு கீழே இறங்காமல் மாவாக இலையிலேயே தேங்க, வேர் பட்டினி கிடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டுக் கருநீலமாகியதே, ஞாபகம் இருக்கிறதா? அதே சோதனைதான். உப்புத்தாளால் இலையின் மேற்பக்கத்தைத் தேய்த்து, தாளில் ஒட்டியதைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு அயோடின் விடு. கறுத்துவிட்டால் சந்தேகம் வலுக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதை மட்டும் வைத்து மரத்தை வெட்டிவிடாதே. வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் உனக்குப் பக்கம்தானே, கிளையோடு எடுத்துக்கொண்டு போய்க் கேள்.

நோய்தான் என்று உறுதியானால் மரத்தை எடுத்தே ஆகவேண்டும். உன் கையால் வைத்தவை என்று தெரிந்துதான் சொல்கிறேன். எடுப்பதற்கு முன்னால் மறக்காமல் மருந்து அடித்துவிடு, இல்லாவிட்டால் பூச்சிகள் கிளம்பி அடுத்த மரத்தில் போய் உட்காரும். நான் தாமதித்ததால் என் செடியோடு பக்கத்துப் பாத்திக்காரரின் இரண்டு செடிகளையும் வெட்ட வேண்டியதாயிற்று. அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஃபுளோரிடாவில் இந்த நோயை 2005இல் கண்டுபிடித்தார்கள். 2003-04இல் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2024-25இல் ஏறக்குறைய 1.2 கோடிதான். புயல்களும் சேர்ந்துகொண்டன, ஆனாலும் பெரிய அடி இதுதான்.

உன் கிணற்றடிக் கறிவேப்பிலையையும் பார்த்துவிடு. சைலிட் அதன் துளிரிலும் பெருகும். எங்களுக்கு வேலியாக நின்ற கெமுனிங் என்ற பூச்செடியில்தான் சைலிட் கூட்டமாக இருந்தது, நாங்கள் யாரும் அங்கே பார்க்கவே இல்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. டமாரிக்ஸியா என்ற பொடிக் குளவி சைலிட் குஞ்சின் அடியில் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். நம் துணைக்கண்டத்துக் குளவிதான். 1978இல் ரியூனியன் தீவுக்குக் கொண்டுபோய் விட்டு நல்ல பலன் கண்டார்கள். காய்ந்த குஞ்சின் கூட்டில் வட்டமாகத் துளை தெரிந்தால், அந்தப் பக்கம் கண்டதையும் தெளிக்காதே.

சொறி நோய்க்கு நீ அடிக்கும் போர்டோ கலவை, அந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது, சரிதான். துளிரில் பாம்பு போன வழி மாதிரி வெள்ளிக்கோடு தெரிகிறதே, அந்த இலைத் துளைப்பானையும் கவனி. அது போட்ட ஓட்டை வழியாகச் சொறி எளிதாக உள்ளே நுழைந்துவிடும். பறவை எச்சம் போல உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சிப் புழுவைக் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

அப்புறம், மருமகனிடம் எனக்கு எலுமிச்சை நாற்று கொடுத்து அனுப்புவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் முருகையா. சான்றிதழ் இல்லாமல் செடியை இங்கே கொண்டுவரக் கூடாது. தெரியாமல் ஏதாவது நோயையோ பூச்சியையோ நாடு விட்டு நாடு கொண்டுவந்துவிடுவோமோ என்ற பயமும் எனக்கு உண்டு. அண்ணி போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில் போதும்.

மழைக்குப் பிறகு துளிர் விடும்போது வடக்கு வரப்பில் மரம் மரமாகப் பார்த்து, எத்தனை மரத்தில் மஞ்சள் கிளை என்று எண்ணி எழுது. காத்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
காதர்