கேமராவோடு கடற்கரைக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் ஐந்து பேர் மணல் திட்டை நோக்கி நடந்தபோது, கொஞ்சம் தள்ளி, பறவை பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான். அன்றைக்கே வந்து பேசியிருக்கலாம், கோபத்தில் வார்த்தை தடித்துவிடும் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு மட்டுமில்லை, வசந்த கால வலசையின்போது பெரிய லென்ஸோடு கரைக்கு வருகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விடியுமுன்பே வந்துவிட்டேன். கடல் நன்றாக வற்றியிருந்தது, சேற்றுவெளி முழுக்கப் பறவைகள் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக, எது எதுவென்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற அதே உள்ளான் வகைக் கரைப்பறவைகள்தான், ஆனால் இப்போது இனப்பெருக்கக் கால நிறம் ஏறி அடையாளமே மாறியிருந்தன. வளைமூக்கு உள்ளானின் நெஞ்சு செங்கல் நிறம். சாம்பல் உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு. கல்திருப்பி உள்ளானின் முதுகு செம்பழுப்பாக மின்னியது. இந்த நிறம் ஏறுவதைப் பார்க்க வருடத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும், நீங்கள் இதற்காகத்தான் வருகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது.

அப்புறம் கடல் ஏறியது. சேறு மூழ்க மூழ்க, பறவைகள் பின்வாங்கிப் பின்வாங்கி அந்த ஒரே திட்டில் நெருக்கியடித்து நின்றன, பாதி ஒற்றைக்காலில், அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு. அப்போதுதான் நீங்கள் நேராக அவற்றை நோக்கி நடந்தீர்கள். கூட்டம் எழுந்தது, சுற்றியது, இறங்கியது. மறுபடி நடந்தீர்கள். நான் பார்க்க நான்கு முறை. கடைசியில் அவை திரும்பி வரவே இல்லை.

பறக்கும் கூட்டத்தின் படம் அழகாகத்தான் வந்திருக்கும். ஆனால் அந்தப் பறவைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. கடல் ஏறியிருக்கும் அந்தச் சில மணி நேரம் அவற்றுக்கு இரை கிடையாது, தின்றதைச் செரித்துக் கொழுப்பாகச் சேர்க்கிற நேரம் அது. அமெரிக்காவின் டெலாவேர் விரிகுடாவுக்கு மே மாதம் வந்து இறங்கும் ரெட் நாட் உள்ளான்கள் குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட எடையை இரட்டிப்பாக்குகின்றன, அங்கிருந்து ஆர்க்டிக் வரை போக அந்தக் கொழுப்புதான் எரிபொருள். பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை இன்னும் ஒரு படி மேல். நெடும்பயணத்துக்கு முன் அதன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன, பாரம் குறைய. 2022இல் பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது, பதினோரு நாள். இவ்வளவு கணக்காக வாழ்கிற உடம்பை ஒரு படத்துக்காக நான்கு முறை கிளப்பிவிட்டால், அந்தச் செலவை அது எங்கே போய் ஈடுகட்டும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு பறவையின் காலில், தனித்தனியாக அடையாளம் காண ஆய்வாளர்கள் எழுத்துப் பொறித்து மாட்டுகிற சின்ன வண்ணக் கொடி இருந்தது. எழுத்தைப் படிக்க அரைமணி நேரமாக அது திரும்புவதற்குக் காத்திருந்தேன், நீங்கள் கிளப்பியதும் போயிற்று. 1995இல் அர்ஜென்டினாவில் வளையமிட்ட பி95 என்ற ரெட் நாட், 2014 வரை பார்க்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. நிலாவுக்குப் போகும் தூரத்தைவிட அதிகமாக அது பறந்திருக்கும் என்று கணக்குப் போட்டது, ஒவ்வொரு கரையிலும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து அந்தக் கொடியைப் படித்ததால்தான். உங்கள் லென்ஸ் என் ஸ்கோப்பைவிட அந்த எழுத்தைத் தெளிவாகப் பிடிக்கும். படம் எடுத்து, இடமும் தேதியும் சேர்த்து அந்த ஆய்வாளர்களுக்கு அனுப்பினால் ஒரு பறவையின் பாதி வாழ்க்கை தெரியவரும்.

சரி, என்ன செய்யலாம்? கடல் ஏறத் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து, வெயில் முதுகில் படும்படி தாழ்வாக உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் பறவையிடம் போக வேண்டாம், தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அசையாமல் இருந்தால் கொசு உள்ளான்கள் நம்ப முடியாத அளவு கிட்டே வந்து மேயும், நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தூங்குகிற பறவை தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்கிறதா, அந்த இடத்தோடு நின்றுவிடுங்கள். பக்கத்துப் பறவையும் அப்படிச் செய்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் பொறுத்திருங்கள், ஒரு வல்லூறு வந்தால் மொத்தக் கூட்டமும் தானாகவே எழும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் இருப்பேன். விடிவதற்கு முன்பே வாருங்கள், ஸ்கோப்பில் ஆளுக்கொரு முறை பாருங்கள். அந்தக் கொடிக்காலி இன்னும் கிளம்பாமல் இருந்தால் சேர்ந்தே படித்துவிடலாம்.

அன்புடன்,
ஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தவன்