ஷபூஸி என்ற பெயரில் என்ன சிரிப்பு?

நேஷ்வில்லில் இருக்கும் கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறேன், அதனால் நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரியும். ஆர்வமிருந்தால் யாரையாவது பிடித்துப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் பாட்டு, புரிவதற்காக நானும் எத்தனையோ ராத்திரி அகராதியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், கணக்கு சரியாகப் போய்விடும்.

விஷயம் உங்கள் கண்ட்ரி பாடகர் ஷபூஸி. 2024 நவம்பரில் உங்கள் விருது விழா. அந்த வருஷம் அவருடைய 'எ பார் சாங்' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் மொத்தம் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன்னால் அத்தனை வாரம் தாக்குப்பிடித்தது கறுப்பினப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' மட்டும்தான். கண்ட்ரி வானொலிப் பட்டியலிலும் முதலிடம். நீங்கள் அவரை இரண்டு பிரிவில் பரிந்துரைத்தீர்கள், இரண்டிலும் கிடைக்கவில்லை. புதுமுக விருது மேகன் மொரோனிக்கும், சிறந்த தனிப்பாட்டு (சிங்கிள்) விருது கிறிஸ் ஸ்டேபிள்டனுக்கும் போனது. போகட்டும், ஸ்டேபிள்டன் வாய் திறந்தால் நானும்தான் உருகிப் போகிறேன். ஓட்டுப் போடுகிறவர்கள் உங்கள் உறுப்பினர்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்த மனிதரின் பெயரை வைத்து நகைச்சுவை செய்துகொண்டிருந்தீர்களே, அது எதற்கு? தொகுப்பாளர்கள் செய்தார்கள், சரி, அவர்கள் வேலை அது என்று விட்டுவிடலாம். சிறந்த ஆல்பத்துக்கான விருதை வாங்க மேடையேறிய தயாரிப்பாளரும், எட்டி உதைப்பது என்று சொல்லும் இடத்தில் கெட்ட வார்த்தைக்குப் பதில் ஷபூஸி பெயரைப் போட்டுப் பேசினார். கூட்டம் சிரித்தது. கீழே உட்கார்ந்திருந்தவரும் சிரித்துத்தான் ஆகவேண்டும், கேமரா முகத்துக்கு நேரே இருக்கும்போது வேறு என்ன செய்வார்? தன்னை யாரும் உதைக்கவில்லை என்று பிறகு இணையத்தில் ஒரு வரி போட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? காலின்ஸ் ஒபின்னா சிபுவெஸே என்பது இயற்பெயர். அப்பா அம்மா நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள், இவர் வளர்ந்தது வர்ஜீனியாவில். சிபுவெஸே என்றால் இக்போ மொழியில் கடவுளே அரசன் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வாயில் அது நுழையவில்லை, ஷபூஸி ஆகிவிட்டது. பையன் அதையே எடுத்து மேடைப் பெயராக வைத்துக்கொண்டான். ஏற்கெனவே ஒருமுறை சிதைந்த பெயரை மறுபடியும் எடுத்து உடைக்கிறீர்கள்.

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவர் முயற்சி செய்து பார்த்தார், இரண்டாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, "ஒரு எழுத்து போதும், இனி நீ ஜே" என்று முடித்துவிட்டார். ழ எங்கே, ஜே எங்கே! மறுவாரம் பெயர் அட்டையும் அப்படியே அச்சாகி வந்தது. நானும் சிரித்துக்கொண்டே கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்று. இவர் நேற்று முளைத்தவர் இல்லை. முதல் ஆல்பம் 2018, இரண்டாவது 2022. 2024 மார்ச்சில் பியான்ஸேயின் ஆல்பத்தில் இரண்டு பாட்டில் வந்த பிறகுதான் பலருக்கு முகம் தெரிந்தது, அடுத்த மாதமே இந்தப் பாட்டு. வேலை முடிந்து மதுக்கடைக்குப் போகிறவன், பெட்ரோல் விலை, மளிகை விலை, காதலி கேட்கும் விலை உயர்ந்த கைப்பை, பின்னால் ஃபிடில். இது கண்ட்ரி இல்லை என்றால் வேறு எதுதான் கண்ட்ரி?

அப்புறம் 2025 மே மாதம் வேறொரு விருது விழாவில், 1920-களில் பாட ஆரம்பித்த வெள்ளையர் குழுவான கார்ட்டர் குடும்பம்தான் கண்ட்ரி இசையையே கண்டுபிடித்தது என்கிற மாதிரி ஒரு வரியைப் பக்கத்தில் நின்றவர் படிக்க, ஷபூஸி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். பிறகு லெஸ்லி ரிடில் யார், டிஃபோர்ட் பெய்லி யார் என்று தேடிப் பார்க்கச் சொன்னார். நான் தேடினேன். அந்தக் குடும்பத்து ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டு சேகரிக்கப் போனபோது கூடவே போன கறுப்பினக் கிட்டார்க்காரர் ரிடில். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை மனதில் பிடித்துக்கொண்டு வருவது இவர். பெய்லியோ உங்கள் ஊர் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் கறுப்பின ஹார்மோனிகா நட்சத்திரம். 1941-இல் வெளியே அனுப்பினார்கள், அதே நேஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982-இல் இறந்துபோனார். கண்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2005-இல்.

நீங்கள் எதையுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1971-இலேயே கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடுக்கு உங்கள் பெரிய விருதைக் கொடுத்தவர்கள்தான். 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டை கண்ட்ரி பட்டியலிலிருந்து பில்போர்டு தூக்கிய அதே 2019-இல் நீங்கள் அதற்கு ஒரு விருது கொடுத்தீர்கள். அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

அடுத்த முறை அவர் உங்கள் மேடைக்கு வரும்போது, பெயரை வாசிக்கப்போகிறவரை முந்தின நாளே கூப்பிட்டு, சிபுவெஸே என்று நாலு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜே (உண்மையில் ழ)