பல்லை ராவுவதற்கு முன்னால்: மகளுக்கு ஒரு கடிதம்

கண்ணு,

நேற்று போனில் நீ அவசரமாகச் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் விரிசல் விட்டிருக்கிறது, ரூட் கெனால் செய்து மேலே கிரவுன் என்கிற மூடி போட வேண்டும், போன வருடம் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல், வைத்தால் நல்லது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, ஒப்பந்தம் செய்துகொண்ட டாக்டர்களின் நெட்வொர்க்கில் அவர் பெயர் இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் உன் ஆபீசுக்கும் பக்கம், அதனால் திங்கட்கிழமைக்கே நேரம் வாங்கிவிட்டாய். வலியோ வீக்கமோ இருந்தால் தாராளமாகப் போ, பல்லைத் திறந்து மருந்து வைத்து அடைத்துவிடட்டும். ஆனால் கிரவுனுக்காகப் பல்லைச் சுற்றி ராவ மட்டும் இப்போது விடாதே. ராவின பல் திரும்ப வளராது.

இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பல் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்து கிளெய்ம் அனுப்பியே உன் படிப்புச் செலவில் பாதியைப் பார்த்தவள் நான். ஒரு டாக்டர் நெட்வொர்க்கில் எப்படிச் சேருகிறார் என்று எனக்குத் தெரியும். பதிவு எண், பிராக்டிஸ் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் கொடுத்து, ஸ்கீம், அதாவது மெடிக்கல் எய்ட் நிறுவனம், சொல்லும் விலைக்கு வேலை செய்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான். அவர் போட்ட கிரவுன் எத்தனை வருடம் நின்றது என்று யாரும் ஒரு வாயையும் திறந்து பார்ப்பதில்லை. அந்தப் பட்டியல் விலைக்கான பட்டியல், கைத்திறமைக்கானது இல்லை. சுத்தம் செய்யவோ சின்ன அடைப்புக்கோ கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பட்டியலிலிருந்து போ, நானும் அப்படித்தான் போகிறேன். கிரவுன், பிரிட்ஜ் என்று வந்தால் ஆளைப் பார்த்துவிட்டு அப்புறம் பட்டியலைப் பார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, யாரும் நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். டாக்டருக்கு ஸ்கீம் எப்படிப் பணம் கொடுக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். சில திட்டங்களில் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒப்புக்கொண்ட விலை கொடுப்பார்கள். மலிவான சில திட்டங்களில் அப்படியில்லை, உறுப்பினர் தலைக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார்கள், நீ வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அதே பணம். அங்கே நீ நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குச் செலவு. பிடுங்கிவிடலாம் என்பது சீக்கிரம் வாயில் வரும், நேரம் பிடிக்கிற ரூட் கெனால் பற்றிப் பேச்சே வராது. செய்த வேலைக்குப் பணம் என்கிற ஏற்பாட்டில் இது தலைகீழ், அங்கே தேவையில்லாத கிரவுன்கூடத் தேவையாகிவிடும். எல்லா டாக்டரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, நான் வேலை பார்த்தவர் தங்கமானவர். ஆனால் பணம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தால்தான் எதிரில் இருப்பவர் சொல்வதைச் சரியாக எடைபோட முடியும்.

விலை விஷயம். தென்னாப்பிரிக்காவில் தனியார் டாக்டர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஒரு வரம்பும் கிடையாது. முன்பு அரசு ஒரு ரெஃபரன்ஸ் விலைப்பட்டியல் வைத்திருந்தது, 2010-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மெடிக்கல் எய்டும் தனக்கென்று ஒரு ரேட் வைத்துக்கொள்கிறது, டாக்டரும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்கிறார். உன் ஸ்கீமின் ரேட் 100 ரேண்ட், அவருடையது 180 என்றால் மீதி 80 உன் பையிலிருந்துதான் போகும், ஸ்கீம் நூற்றுக்கு நூறு கொடுக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் சரி. அந்த நூறு சதவீதம் அவர்களுடைய ரேட்டில் நூறு சதவீதம். இதைப் புரிந்துகொள்ளாமல் கவுன்டரில் என்னிடம் சண்டை போட்டவர்களுக்குக் கணக்கே கிடையாது, பாவம், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நெட்வொர்க் டாக்டரிடம் இந்த இடைவெளி பெரும்பாலும் வராது. அதற்காகத்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது, அந்த லாபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வெளியில் போனால் சில திட்டங்கள் தங்கள் ரேட்டையாவது கொடுக்கும், சில திட்டங்கள் ஒரு காசும் தராது. உன்னுடையது எது என்று முதலில் கேள்.

அப்புறம் உன் திட்டத்தின் புத்தகத்தில் பல் பகுதி இரண்டாகப் பிரிந்திருக்கும். அடைப்பு, பிடுங்குவது, சுத்தம் செய்வது, எக்ஸ்ரே எல்லாம் ஒரு பக்கம். கிரவுன், பிரிட்ஜ், ஈறு அறுவை, கம்பி கட்டுவது எல்லாம் இன்னொரு பக்கம், ஸ்பெஷலைஸ்டு என்று போட்டிருப்பார்கள். இந்த இரண்டாவது பக்கத்துக்கு முன் அனுமதி வேண்டும், அதாவது ஆத்தரைசேஷன். பல திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு கிரவுன், ஒரே பல்லுக்கு ஐந்து வருடத்தில் ஒருமுறைதான் என்றெல்லாம் கட்டுப்பாடு இருக்கும். இம்பிளான்ட் பெரும்பாலான திட்டங்களில் இல்லவே இல்லை, மேல்தட்டுத் திட்டங்களில்தான் பார்க்கலாம். சில ஸ்கீம்கள் பல் விஷயத்தை மட்டும் டெனிஸ் மாதிரி தனி நிறுவனத்திடம் விட்டிருக்கும், அப்படியானால் நீ பேச வேண்டியது அவர்களிடம், மெயின் நம்பரில் காத்திருந்து பிரயோஜனமில்லை.

டாக்டரிடம் எழுத்தில் கோட்டேஷன் கேள், மொத்தத் தொகை மட்டும் போட்ட சீட்டு வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு இலக்கக் கோடு, அதாவது குறியீட்டு எண், இருக்கும், அது வேண்டும். முழு வாய்ப் பரிசோதனை 8101, உலோகத்தின் மேல் பீங்கான் வைத்த கிரவுன் 8411. இன்னொரு வரி இருக்கிறதா என்று கட்டாயம் பார், 8099, அதுதான் லேப் செலவு. கிரவுனை டாக்டர் செய்வதில்லை, அச்சு எடுத்து லேபுக்கு அனுப்புகிறார், அங்கே டெக்னீஷியன் செய்கிறார், அவருடைய பில் தனி. கோட்டேஷனில் அது இல்லையென்றால் பின்னால் வரும், பயமுறுத்துகிற அளவுக்கு வரும். சில இடங்களில் மெஷினில் அங்கேயே கடைந்து அன்றே போட்டுவிடுகிறார்கள், அப்படியானால் அந்தச் செலவை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று கேள். கூச்சப்படாதே. 2003-ஆம் வருடத்து தேசியச் சுகாதாரச் சட்டமே என்னென்ன சிகிச்சை உண்டு, ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, ஆபத்து என்ன, செலவு என்ன என்று நோயாளிக்கு விளக்க வேண்டும் என்கிறது. கேட்பதால் யாரும் உன்னைக் கஞ்சம் என்று நினைக்கமாட்டார்கள், நினைத்தால் அந்த இடமே வேண்டாம்.

அந்தக் கோடுகளோடும் எக்ஸ்ரேயோடும் டாக்டரின் ஆபீஸ் ஸ்கீமுக்கு அனுப்பும், அங்கிருந்து எழுத்தில் பதில் வரும். பதில் வந்த பிறகுதான் நாற்காலி. வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்டால் முடியாது என்று ஒரே வரியில் வந்துவிடும், எத்தனை பேருக்கு அந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டியிருக்கிறேன். அனுமதி நம்பர் கிடைத்துவிட்டால் பணம் நிச்சயம் என்றும் நினைக்காதே. வேலை நடக்கும் அன்று உன் வருட வரம்பில் பணம் மிச்சம் இருக்க வேண்டும், நீ உறுப்பினராகவும் இருக்க வேண்டும், அந்த நம்பருக்குக் காலாவதித் தேதியும் உண்டு. வேலை மாறப் போகிறேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறாய். பாதி வேலையில் ஸ்கீம் மாறாதே. இடையில் 90 நாளுக்கு மேல் எந்த ஸ்கீமிலும் இல்லாமல் இருந்துவிட்டால் புதியவர்கள் 3 மாதம் பொதுவாகவும், ஏற்கெனவே இருக்கிற பிரச்சினைக்கு 12 மாதமும் காக்க வைக்கலாம்.

சரி, ஆளைப் பார்ப்பது எப்படி என்று கேட்பாய். முதலில் டாக்டர்களைப் பதிவு செய்கிற கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏவின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பதிவைப் பார், இலவசம்தான். அதில் பல் டாக்டரா, டென்டல் தெரபிஸ்டா என்று தெரியும். நம் டர்பன் பக்கம் தெரபிஸ்ட்கள் நிறைய, வெஸ்ட்வில்லில் படித்து வந்தவர்கள், அடைப்பதிலும் பிடுங்குவதிலும் சில டாக்டர்களைவிட நல்ல கை, ஆனால் கிரவுன் அவர்கள் வேலை இல்லை. ஒரே ஒரு கிரவுனுக்கு நல்ல பொது டாக்டர் போதும். வாய் முழுக்க மாற்றுகிற வேலை என்றால்தான் பிராஸ்தோடான்டிஸ்ட், அதாவது செயற்கைப் பல் நிபுணர், தேவைப்படும், அவர்கள் கேட்கிற விலைக்குச் சும்மா போக வேண்டாம்.

நேரில் போனதும் இதைக் கேள்: இந்தப் பல்லுக்கு ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? முழுக் கிரவுனுக்குப் பதிலாகப் பாதிப் பல்லை மட்டும் மூடுகிற ஆன்லே போதாதா? ரூட் கெனால் செய்யும்போது ரப்பர் டாம் போடுவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம், பல்லைத் தனியாக ரப்பர் விரிப்பில் பிரித்து வைத்தால் எச்சில் உள்ளே போகாது, கிருமி போகாது. அதெல்லாம் தேவையில்லை என்று சிரித்தால் நீயும் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடு. ஒரு வருடத்துக்குள் கிரவுன் கழன்றாலோ உடைந்தாலோ யார் செலவில் சரிசெய்வீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கு. எந்த லேப் என்றும் கேட்டு வை, வருடக்கணக்காக ஒரே லேபோடு வேலை செய்பவர் தயங்காமல் சொல்வார்.

நம் தெருவில் ஒரு அத்தை, பெயர் வேண்டாம், மலிவாக இருக்கிறது என்று ஒரு இடத்தில் பிரிட்ஜ் போட்டுக்கொண்டார். ஓரம் சரியாகப் பொருந்தவில்லை, ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. உள்ளே சொத்தை போய், தாங்கி நின்ற இரண்டு பல்லும் சேர்ந்து போயிற்று. ஸ்கீம் திரும்பத் தராது, ஐந்து வருடம் ஆகவில்லையே. இப்போது ஆட்டுக்கறி சமைத்தால் அவருக்குக் குழம்பு மட்டும்தான்.

இரண்டாவது ஆளிடம் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. எக்ஸ்ரேயின் காப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போ, திரும்ப எடுத்தால் அதற்கும் பணம். லெனேசியாவில் சித்தப்பா குடும்பம் எல்லாம் யாரிடம் போகிறது என்று கேள், அவர்கள் வாயில் பத்து வருடக் கிரவுன் இருக்கிறதா என்றும் கேள். பணம் ரொம்ப இடித்தால் பார்க்டவுனில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவமனை இருக்கிறது, சார்லட் மக்செகே ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், காத்திருக்க வேண்டும், நேரம் அதிகம் பிடிக்கும், செலவு குறைவு. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு ஆசிரியர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்தது. பொறுமை உனக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இம்பிளான்ட் பற்றி என் அபிப்பிராயம், இப்போது வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை, ஆயாவுக்குச் சர்க்கரை, நீ கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தாய்? சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறும் எலும்பும் சரியாக ஆறாது. முதலில் அந்தப் பரிசோதனை, அப்புறம் ஈறு சுத்தம், கிரவுன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வருடக் கணக்கும் பார்த்துக்கொள். ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் வரம்பு. ரூட் கெனாலை இந்த வருடமும் கிரவுனை ஜனவரியிலும் வைத்தால் இரண்டு வருட வரம்பையும் பயன்படுத்தலாம், நவம்பரில் எங்கள் வரவேற்பறையில் பாதிப்பேர் இந்தக் கணக்கோடுதான் வருவார்கள். சில வாரம் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் இழுக்காதே, ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல் கிரவுன் இல்லாமல் இரண்டாகப் பிளந்துவிடலாம், ஏற்கெனவே விரிசல் வேறு இருக்கிறது. உன் திட்டத்தில் சேவிங்ஸ் கணக்கு இருந்தால் மிச்சம் என்ன என்று பார், அது அடுத்த வருடத்துக்கும் வரும், வரம்பு மாதிரி அழிந்துபோகாது. ஸ்கீமின் ரேட்டுக்கும் டாக்டரின் பில்லுக்கும் உள்ள இடைவெளிக்காக நீ வாங்கிய கேப் கவர் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பெரும்பாலும் உதவும், பல் நாற்காலிக்கு அதை நம்பாதே.

ஸ்கீம் முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேள், டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி முதலில் அவர்களிடமே முறையிடு. அதற்கும் அசையவில்லையென்றால் ஸ்கீம்களைக் கண்காணிக்கிற கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் புகார் கொடுக்கலாம், காசு வாங்கமாட்டார்கள். அவர்கள் கேட்டால் ஸ்கீம் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். உன் கையிலிருந்து கட்டிய எல்லாவற்றுக்கும் ரசீதை வைத்துக்கொள், வரித்துறை, அதான் சார்ஸ், கணக்குக் கேட்கும்போது தேவைப்படலாம்.

திங்கட்கிழமையைப் பரிசோதனை, கோட்டேஷன் என்ற அளவில் வைத்துக்கொள். சீட்டு கையில் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, எக்ஸ்ரேயையும் சேர்த்து. கோடு கோடாகப் பார்த்துச் சொல்கிறேன். பணம் குறைந்தால் அப்பாவிடம் நேராகக் கேள், என் மூலமாகச் சுற்றி வளைக்காதே, அவர் ஏற்கெனவே எவ்வளவு ஆகும் என்று என்னை நச்சரிக்கிறார். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடிக்காதே, வறுத்த சோளத்தைத் தொடவே தொடாதே.

அம்மா